மழை மண், வெயில் மண்

செடிக்கடையில் நிற்பவனுக்கு ஒரு தலையெழுத்து உண்டு: செடி பிழைத்தால் அது வாங்கினவரின் கைராசி, செத்தால் அது விற்றவனின் பாவம். ரங்கூனின் தாகேதா பேட்டையில் ஓடைக்கரையை ஒட்டிய ஒரு கடையில் நாலு வருடமாக நான் அந்தப் பாவத்தைச் சுமக்கிறேன். ரோஜா, மல்லிகை, ஒட்டு மா எல்லாம் விற்கிறோம். அவற்றால் வாங்கிய திட்டு கொஞ்சம். மிச்சம் அத்தனையும் திராட்சையால் வாங்கியது. வாசலில் ஒரு திராட்சைக் கொடி நட்டு, மூன்று வருடம் சருகை மட்டும் பெருக்கித் தள்ளியவர் யாராவது இதைப் படித்தால், வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள். நாமெல்லாம் ஒரே பந்தலின் கீழ் ஏமாந்தவர்கள். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

பாம்புக்குப் பந்தல்

எங்கள் கடைக்கு நாலு தெரு தள்ளி டோ மியா இருக்கிறார். வயதான பர்மாக்கார அம்மா, காலையில் கோலம் போட்டது போல முகம் நிறையத் தனாக்கா மரப்பட்டைச் சாந்து பூசியிருப்பார். அவர் வீட்டுத் திராட்சைக்கொடி கூரையை மூடி, பக்கத்து வீட்டுக் கூரையையும் மூடிவிட்டது. பழம் மட்டும் ஒரு குலை கூட இல்லை. மாதம் ஒரு முறை கடைக்கு வந்து, நான் ஏதோ மருந்தை ஒளித்து வைத்திருப்பது போல என்னையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

நான் என்ன சொல்வது? திராட்சைக்கு வருடத்தில் ஒரு தூக்கம் வேண்டும். குளிர்நாட்டில் பனி வந்து அதைத் தூங்க வைக்கும். மேல் பர்மாவின் வறண்ட ஊர்களில் தண்ணீரை நிறுத்தி, கிளையை வெட்டிக் கவாத்து செய்து, ஆட்களே தூங்க வைக்கிறார்கள். தூங்கி எழுந்தால்தான் பூக்கும். ரங்கூனில் பாதி வருடம் மழை. மீதிப் பாதி வருடம் ஓடைக்கரைக் களிமண் அந்த ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வேருக்குத் தாகமே தெரியாவிட்டால் கொடி இலையாக விட்டுக்கொண்டே போகும். இதை எல்லாம் பொறுமையாகச் சொல்லி, வெட்டுங்கள் அம்மா, இரக்கப்படாமல் வெட்டுங்கள் என்றேன். முழுக்கக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "இலை வந்துச்சு, கொடி வந்துச்சு, போன வாரம் பாம்பும் வந்துச்சு. பழத்துக்கு மட்டும்தான் எங்க வீட்டுக்கு வழி தெரியல."

கப்பல்காரரின் கல்

போன வருடத்துக்கு முந்தின வருடம், ஆடி மாதத்து மழையில் நனைந்துகொண்டே ஒருவர் கடைக்கு வந்தார். பெயர் சேகரன். அவருடைய பாட்டன் காலத்தில் போட்டாதாங் துறைமுகத்தில் மூட்டை இறக்க வந்த குடும்பம். இவர் சரக்குக் கப்பலில் எஞ்சின் ஃபிட்டர், இருபது வருடம். லோஞ்சிக் கைலியின் மடிப்பிலிருந்து ஒரு வெள்ளைக் கல்லை எடுத்து என் மேஜையில் வைத்தார். கோழிமுட்டை அளவு இருக்கும்.

"இது திராட்சைத் தோட்டத்து மண்ணு, தம்பி."

"இது கல்லுண்ணே."

"அங்க இதுதான் மண்ணு."

கப்பல் நின்ற ஏதோ ஒரு துறைமுகத்தில், ஒரு நாள் லீவில், கடற்கரையை ஒட்டிய தோட்டம் ஒன்றுக்கு நடந்து போயிருக்கிறார். தரை முழுக்கக் கூழாங்கல். காலையில் கடலிலிருந்து பனிமூட்டம் ஏறி வந்து கொடியைக் குளிர வைக்கும். மத்தியானம் வெயில் கல்லைச் சுடவைக்கும். பொழுது சாய்ந்த பிறகும் கல் அந்தச் சூட்டை விட்டுக்கொண்டே இருக்கும். தண்ணீர் மேலே நிற்காது, அதனால் வேர் அதைத் தேடி ஆள் உயரம், இரண்டாள் உயரம் என்று கீழே போகும். அந்தத் தோட்டத்துச் சொந்தக்காரர் ஒரு கிளாஸில் சொந்த ஒயினை ஊற்றிக் கொடுத்தாராம். "அந்த மனுசன் வீட்டு ஜன்னல்லருந்து பாத்தா கப்பல் தெரியுது தம்பி. ஆனா அவன் அதுல ஏற வேண்டியதில்ல."

அவருக்கு ரங்கூனுக்குத் தெற்கே கியாக்தானில் ஓடையை ஒட்டிக் கொஞ்சம் நிலம், மனைவி லெட்சுமி, பதினோரு வயதில் ஒரு மகள். மகளின் பதினோரு வருடத்தில் அவர் வீட்டில் இருந்தது மூன்று வருடம் தேறாது. போன வாரம் மாரியம்மன் கோயிலில் சூடம் அடித்துச் சத்தியம் செய்துவிட்டு வந்திருக்கிறார்: கொடி காய்த்தால் இனி கப்பல் ஏறுவதில்லை. அந்தச் சத்தியத்துக்குத்தான் இப்போது என்னிடம் கன்று கேட்கிறார். அந்த ஊர்களில் மழை குளிர்காலத்தில் பெய்துவிட்டுப் போய்விடும், காய்க்கிற காலம் காய்ந்து கிடக்கும். நமக்கு எல்லாம் தலைகீழ் என்று மெதுவாகச் சொன்னேன். அவர் கல்லை எடுத்து மறுபடி மடியில் வைத்துக்கொண்டார். "அங்கயும் கடல், இங்கயும் கடல். தண்ணி ஒண்ணுதானே, தம்பி?"

நாலாம் மாடி

அதே மாதம் எனக்குத் தேவையில்லாத ஒரு தைரியம் வந்தது. போட்டாதாங்கில், ஸ்டிராண்டு ரோட்டுப் பக்கம், கிடங்கில் வேலை பார்க்கும் கோ ஸோ என்பவர் என்னிடம் ஒரு கொடி வாங்கி, நாலாம் மாடிப் பால்கனியில் எண்ணெய் டின்னில் வைத்திருந்தார். அது காய்த்துவிட்டது. மூன்று குலை! ஆற்றுக் காற்று ஓயாமல் அடித்ததில் இலை உடனுக்குடன் காய்ந்து, சாம்பல் நோய் வரவில்லை. டின்னில் பாதி செங்கல் துண்டு, அதனால் வேரில் தண்ணீர் நிற்கவில்லை. மின்சாரம் இல்லாத நாட்களில் மோட்டார் ஓடாது, தண்ணீர் மேலே ஏறாது, அதனால் கொடிக்குத் தானாகவே பட்டினி. காற்று, கல், பட்டினி மூன்றும் அமைந்தால் கடல் பக்கத்தில் திராட்சை வரும் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டேன். டின்னுக்கு அடியில் தரையும் தரையின் உப்பும் கிடையாது என்பதை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

கோ ஸோவைப் பாராட்டப் போனபோது டின்னில் வெறும் காம்புதான் இருந்தது. அவர் சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு சொன்னார்: "நான் நாலு மாடி ஏறி மண்ணு சுமந்தேன். காக்கா பறந்தே வந்துட்டுப் போயிருச்சு."

உப்புப் பேனா

முதலாளி வாங்கிக் கொடுத்த ஒரு கருவி என்னிடம் உண்டு. பேனா மாதிரி இருக்கும். மண்ணை மழைத்தண்ணீரில் கரைத்து, தெளியவிட்டு, அதில் நுனியை வைத்தால் எவ்வளவு உப்பு என்று எண் காட்டும். சட்டைப் பையில் அதைச் செருகிக்கொண்டு நடந்தால் எனக்கே என் மேல் ஒரு மரியாதை வரும். அதை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிக் கியாக்தான் போனேன். நல்ல மழை.

சேகரன் அண்ணன் இரண்டு இடம் காட்டினார். ஓடைப் பக்கம் பழைய நெல்வயல். கறுப்பு மண், கால் வைத்தால் வெண்ணெய் போல இறங்கியது. வீட்டுக்குப் பின்னால் ஒரு செம்மேடு. செம்புறாங்கல், கடப்பாரை போட்டால் கை அதிர்ந்தது. உடைந்த பானையும் தேங்காய் மட்டையும் கொட்டுகிற இடம் அது. மேட்டை நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வயலில் ஒரு சாண் தோண்டி, கரைத்து, பேனாவை வைத்தேன். எண் மிகச் சிறியது. "இதுல குழம்பு வெச்சா உப்பு போடணும்ணே" என்றேன். அண்ணன் என் தோளைத் தட்டினார். மாதக்கணக்கில் பெய்த மழை உப்பைக் கழுவிக் கீழே இறக்கியிருக்கிறது என்பதும், அது கீழேதான் காத்திருக்கிறது என்பதும் தொட்டி மண்ணிலேயே வளர்ந்த எனக்குத் தோன்றவில்லை.

லெட்சுமி அக்கா குடையோடு வரப்பில் நின்றுகொண்டிருந்தார். அந்த மண்ணில் பத்து வருடம் கீரை போட்டவர். என்னைக் குறை சொல்கிற குரலே இல்லை, தண்ணீர் வேண்டுமா என்று கேட்பது போலத்தான் சொன்னார்: "இது மழை மண்ணு, தம்பி. வெயில் மண்ணையும் ஒரு தரம் வந்து பாத்துட்டு அப்புறம் சொல்லேன்."

சேறு பார்க்காத பிள்ளைகள்

நான் போய்ப் பார்க்கவில்லை. தீபாவளி முடிந்து மழை நின்றதும் நூற்றறுபது கன்று கேட்டார் அண்ணன், கொடுத்தோம். மேல் பர்மாவில் மெயித்திலா பக்கத்திலிருந்து வெட்டின குச்சியாக, போத்தாக வந்து எங்கள் கடையில் வேர் பிடித்தவை. மா வா என்று எங்கள் கடையில் மண் கலக்கும் அக்கா ஒருவர் இருக்கிறார். அவரும் நானும் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகப் பார்த்து, நல்லதை எல்லாம் வண்டியில் ஏற்றினோம். நோஞ்சான் ஒன்பது மிஞ்சியது. குப்பைக்குப் போக வேண்டியவை. நடவு நாளன்று லெட்சுமி அக்கா கடைக்கு வந்தவர் அதைப் பார்த்து, "உசுரு இருக்கே" என்று ஒரு கூடையில் வாங்கிக்கொண்டார். சும்மா கொடுத்தேன். வயலில் இடம் இல்லாததால் அந்த ஒன்பதையும் செம்மேட்டில், பானை ஓட்டுக்கு நடுவில் வைத்தார் என்று பிறகு தெரிந்தது.

வண்டி கிளம்பும்போது மா வா ஈரச் சாக்கை இழுத்து மூடிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். "எல்லாம் வறண்ட ஊர்ப் பிள்ளைங்க. சேறே பாத்ததில்ல. அதுங்க முதல் ராத்திரி பயப்படும்."

பங்குனி

தை மாதம் வரைக்கும் அண்ணன் தினமும் போனில் படம் அனுப்பினார். தளிர், இரண்டு இலை, பந்தல் கால். மாசியில் படம் குறைந்தது. பங்குனியில் ஒரு படம் வந்தது: இலையின் ஓரம் மட்டும் நெருப்பில் காட்டினது போலக் கருகி, நடுவில் பச்சை.

போனேன். ஆடியில் வெண்ணெய் போல இருந்த மண் கல்லாக இறுகி, கை நுழைகிற அளவுக்கு வெடித்திருந்தது. வெடிப்பின் ஓரமெல்லாம் மெல்லிய வெள்ளைப் பொருக்கு. மழை போனதும் கடல் ஏற்றம் ஓடைக்குள் ஏறி வருகிறது. அந்த உப்பை, விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல, களிமண் கீழிருந்து மேலே இழுத்துக்கொண்டு வந்திருக்கிறது. வெயில் தண்ணீரை எடுத்துக்கொண்டு உப்பை மட்டும் வேரடியில் விட்டுவிட்டுப் போயிருக்கிறது. பேனாவை வைத்தேன். எண் ஏறிக்கொண்டே போய், கடைசியில் எண்ணே இல்லாமல் ஒரு கோடு மட்டும் காட்டியது. அதன் எல்லை அவ்வளவுதான்.

"என் தப்புண்ணே. அக்கா அன்னிக்கே சொன்னாங்க" என்றேன். அடிப்பார் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் குனிந்து, விரலால் அந்த வெள்ளையைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். "இருவது வருசமா இந்த உப்ப விட்டு வீட்டுக்கு வரத்தான் பாத்தேன், தம்பி. அது எனக்கு முன்னாடியே வந்து உக்காந்திருக்கு."

செம்மேடு

செத்தவற்றைப் பிடுங்கும்போதுதான் மேட்டைப் பார்த்தோம். அந்த ஒன்பதும் முழங்கால் உயரம் நின்றன, ஓரம் கருகாத இலையோடு. உப்பு அந்த உயரத்துக்கு ஏறவில்லை. கியாக்தான் ஆற்றுக்கு நடுவில் புத்தர் பகோடா நிற்கிறதே, அதைத் தாங்குவதும் இதே செம்புறாங்கல்தான் என்கிறார்கள். எந்த வெள்ளத்திலும் அது கரையவில்லை. தோண்டும்போது கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், காற்றுப்பட்டால் இறுகிவிடும். தண்ணீர் ஊற்றினால் சல்லடை போலக் கீழே போய்விடும். கையில் கல்லை வைத்துக்கொண்டு கல் இருக்கிற இடத்தைத் தேடிய ஆளும், பையில் பேனாவை வைத்துக்கொண்டு பக்கத்து மேட்டைப் பார்க்காத ஆளும் கடப்பாரையோடு எதிரெதிரே நின்றோம்.

வயலில் உயிரோடு இருந்தது முப்பத்தொன்று. சித்திரை வெயிலில் குழி அடித்து, ஊரே புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவில் நனைந்துகொண்டிருக்க, நாங்கள் வேர்வையில் நனைந்து அவற்றை மேட்டுக்கு மாற்றினோம். மாற்றியதில் பிழைத்தவை பதினாலு. வைகாசியில் கப்பல் கம்பெனியிலிருந்து போன் வந்தது. ஒரு கொடி கூடக் காய்க்கவில்லை. சத்தியம் அவரைக் கட்டவில்லை. ஒன்பது மாத ஒப்பந்தம். லெட்சுமி அக்கா அழவில்லை. பெட்டியில் சட்டையை மடித்து வைத்துக்கொண்டே, "மண்ணத்தான் என்னைக் கேக்கல, கொடியைப் பாத்துக்கவாவது என்னைக் கேப்பீங்களா?" என்றார். கிளம்பும்போது அண்ணன் அந்த வெள்ளைக் கல்லை என் கையில் வைத்தார். "மேட்டுல எங்கயாவது போட்டு வை. நான் அத எடுத்துட்டுப் போனா மறுபடி எதையாவது நட்டுருவேன்."

சருகு பெருக்கும் வேலை

அதற்குப் பிறகு வாரம் ஒரு நாள், என் லீவு நாளில், கியாக்தான் பஸ்ஸில் போனேன். பிராயச்சித்தம் என்று நான் நினைத்துக்கொண்டேன். அக்கா அதை வேலை என்றுதான் நினைத்தார். இறங்கினவுடன் விளக்குமாற்றைக் கையில் கொடுத்துவிடுவார். மழைக்குப் பந்தலின் மேல் பிளாஸ்டிக் கட்டினோம். அப்படியும் சாம்பல் பூத்தது. நோய் பிடித்த இலையைக் கிள்ளி, பெருக்கி, தூரத்தில் கொண்டுபோய்க் கொளுத்த வேண்டும். ஐப்பசியில் மழை விட்டதும் கவாத்து. எல்லாக் கொடியையும் இரண்டு மூன்று மொட்டுக்கண் மட்டும் விட்டு மொட்டையாக வெட்டினோம். அவ்வளவு பச்சையை நான் ஒரு கொடியில் வெட்டி முடிப்பதற்குள் அக்கா மூன்றை முடித்திருந்தார். பிறகு இரண்டு வாரம் தண்ணீர் கிடையாது. மகள் ரகசியமாகக் குவளையில் கொண்டுவந்து ஊற்றப் பார்த்தாள். அக்கா பிடித்துவிட்டார்.

மா வாவிடம் இதை வந்து சொன்னேன், அந்தத் தாய்மனசு எப்படித்தான் பட்டினி போடுகிறதோ என்று. மா வா மண் கலக்குவதை நிறுத்தவே இல்லை. "புருசன் ஒன்பது மாசம் இல்லாம இருந்து பழகினவங்க. ரெண்டு வாரம் தண்ணி இல்லாதது அவங்களுக்குப் பெரிசா?"

சத்தியத்தின் அளவு

இந்த மாசியில் அண்ணன் கப்பலிலிருந்து இறங்கினார். ஆறு கொடி காய்த்திருந்தது, எல்லாம் அந்த ஒன்பதில். வயலிலிருந்து மாற்றியவை இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. மொத்தம் பதினேழு குலை. சின்னது, கறுப்பு, தோல் தடிமன். முதல் குலை மாரியம்மனுக்குப் போனது. இரண்டாவதிலிருந்து ஒரு பழத்தை அண்ணன் வாயில் போட்டு, கண்ணை மூடி, மெதுவாக மென்றார். நாங்கள் மூன்று பேரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். "உப்பு இல்ல" என்றார். மிச்சத்தை நசுக்கி ஒரு கண்ணாடி ஜாடியில் நுரைக்க வைத்தார். ஒயின் ஆகுமா, புளித்துக் காடி ஆகுமா என்று அந்த ஜாடிக்குத்தான் தெரியும்.

அதற்கு அடுத்த வாரம், நான் அங்கே இருக்கும்போதே, கம்பெனி போன் வந்தது. அடுத்த ஒப்பந்தம். அண்ணன் போனைப் பொத்திக்கொண்டு தயங்கினார். "ஆறு கொடி, லெட்சுமி. இத வெச்சு என்ன பண்றது? நான் நெனச்சது தோட்டம்." அக்கா பெருக்குவதை நிறுத்தினார். ஆற்றுத்துறையில் எத்தனை படகு எஞ்சின் பழுதாகிக் கிடக்கிறது என்றும், அதைப் பார்க்க ஃபிட்டர் இல்லாமல் படகுக்காரர்கள் ரங்கூனுக்கு அலைகிறார்கள் என்றும் நிதானமாகச் சொன்னார். எத்தனை நாளாக அதை விசாரித்து வைத்திருந்தாரோ தெரியவில்லை. அண்ணன், "இருந்தாலும்…" என்று இழுத்தார். அக்கா விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போனுக்காகக் கையை நீட்டினார். "கொடி காய்ச்சா ஏற மாட்டேன்னுதான் சூடம் அடிச்சீங்க. எத்தன கொடின்னு அந்த மாரியம்மாகிட்ட நீங்க சொல்லவே இல்ல."

அண்ணன் இப்போது ஆற்றுத்துறையில் கை நிறைய கிரீஸோடு உட்கார்ந்திருக்கிறார். நாலு வருட வியாபாரத்தில், காக்காவுக்குப் போன மூன்று குலையைத் தவிர, என் பெயரைச் சொல்லிக் காய்த்தவை நான் விற்காமல் ஒதுக்கிப்போட்ட அந்த ஒன்பதில் ஆறுதான் என்பதை மட்டும் முதலாளியிடம் நான் இன்னும் சொல்லவில்லை.